கிருமி பயத்தில் சிக்கிய பிள்ளைக்குத் துணை நிற்பது எப்படி?

கை கழுவுவது நல்ல பழக்கம். அதனாலேயே இந்தப் பிரச்சினை பல வீடுகளில் தாமதமாகத்தான் கண்ணில் படுகிறது. பிள்ளை சுத்தமாக இருக்கிறான் என்று முதலில் பெருமைதான் வரும். அப்புறம் சோப்பு சீக்கிரம் தீர்கிறது, குளியலறைக் கதவு திறக்கவே மாட்டேன் என்கிறது, விரல் மடிப்புகளில் தோல் வெடிக்கிறது, காலையில் பள்ளிக்குக் கிளம்புவது போராட்டமாகிறது. ஒரு நாள் யோசித்துப் பார்த்தால், வீட்டில் இருக்கிற எல்லோருமே அந்தப் பிள்ளை போட்ட விதிகளின்படி நடந்துகொண்டிருப்பது தெரியவரும்.

இதை இப்போதுதான் கவனித்து, என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கும் பெற்றோருக்காக எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘அங்கே கிருமி இல்லை’ என்று பிள்ளையிடம் நிரூபிப்பது உங்கள் வேலை இல்லை. அந்த வாதத்தில் ஜெயிக்கவே முடியாது. பயத்துக்கு ஊழியம் செய்வதை விட்டுவிட்டுப் பிள்ளையின் பக்கம் நிற்பதுதான் வேலை. கேட்க எளிதாக இருக்கும், செய்யும்போது தடுமாறும். எங்கெங்கே தடுமாறும் என்பதைப் பற்றித்தான் கீழே அதிகம் பேசுகிறேன்.

சுத்தமா, நோயா?

எல்லாப் பயமும் நோய் இல்லை. இரண்டு வயதிலிருந்து ஐந்து வயது வரை குழந்தைகள் பல விஷயங்களை ஒரே முறையில்தான் செய்யவேண்டும் என்று அடம்பிடிப்பார்கள். அது வளர்ச்சியின் ஒரு கட்டம், பெரும்பாலும் தானாகப் போய்விடும். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாதபோது கொஞ்ச நாள் கூடுதலாகக் கை கழுவுவதும் இயல்புதான்.

ஓ.சி.டி. எனப்படும் எண்ணச் சுழற்சி நோயில் இரண்டு பகுதிகள் இருக்கும். ஒன்று, வேண்டாம் என்று தள்ளினாலும் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் எண்ணம்: ‘கதவுப் பிடியில் கிருமி இருந்தது, அது என் கையில் ஒட்டிவிட்டது, நான் தொட்ட டம்ளரில் குடித்தால் அம்மா செத்துப்போவாள்.’ இன்னொன்று, அந்தத் தவிப்பைத் தணிக்கச் செய்யும் செயல்: கழுவுவது, துடைப்பது, உடை மாற்றுவது, தொடாமல் ஒதுங்குவது, ‘எனக்கு ஒன்றும் ஆகாதே?’ என்று கேட்டுக்கொண்டே இருப்பது. மனதுக்குள்ளேயே நடக்கும் செயல்களும் உண்டு. அன்றைக்குத் தொட்ட இடங்களையெல்லாம் வரிசையாக நினைவில் ஓட்டிப் பார்ப்பது, ஒரு வார்த்தையைக் குறிப்பிட்ட தடவை சொல்லி ‘சரிசெய்வது’ போன்றவை. வெளியிலிருந்து பார்த்தால் பிள்ளை சும்மா உட்கார்ந்திருப்பது போலத்தான் தெரியும்.

இந்த எண்ணங்களும் செயல்களும் சேர்ந்து நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்கின்றனவா, அல்லது படிப்பு, தூக்கம், சாப்பாடு, நட்பு இவற்றைக் கெடுக்கின்றனவா என்பதைத்தான் மருத்துவர்கள் பார்ப்பார்கள். குழந்தைகளிலும் பதின்ம வயதினரிலும் நூற்றுக்கு 1 முதல் 3 பேருக்கு ஓ.சி.டி. இருக்கிறது. சிறுவயதில் தொடங்குவது பெரும்பாலும் 10 வயதை ஒட்டி. ஆண்பிள்ளைகளுக்குச் சற்று முன்னதாகவே. இது உங்கள் வளர்ப்பின் குற்றம் இல்லை. பிள்ளையின் பிடிவாதமும் இல்லை.

‘கிருமி பயம்’ என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே இருப்பது ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு. ஒருவனுக்குத் தனக்கு நோய் வந்துவிடும் என்ற பயம். இன்னொருத்திக்குத் தன்னால் தம்பிக்கு நோய் தொற்றிவிடும் என்ற குற்றவுணர்வு. சிலருக்கு நோயே கணக்கில் இல்லை. வெறும் அருவருப்பு, ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிற மாதிரி ஓர் உணர்வு. சிலருக்கு வாந்தி வந்துவிடுமோ என்ற பயம் மட்டும்தான், அதற்காகவே சாப்பாட்டைக் குறைத்துக்கொள்வார்கள். இன்னும் சிலர் தங்களுக்குப் பெரிய நோய் ஏற்கெனவே வந்துவிட்டது என்று நம்பி உடம்பைத் தடவித் தடவிப் பார்ப்பார்கள். எது என்று தெரியாமல் பயிற்சியைத் தொடங்கினால் வேறு எதையோ குறிவைத்து நேரத்தை வீணாக்குவோம். அருவருப்பில் தவிக்கும் பிள்ளையிடம் நோய் வராது என்று எத்தனை விளக்கினாலும் அவளுக்கு அது சம்பந்தமில்லாத பேச்சு.

ஆறுதல் ஏன் வேலை செய்வதில்லை?

‘ஒன்றும் ஆகாது கண்ணா’ என்று சொன்னதும் பிள்ளையின் முகம் தெளிகிறது. ஐந்து நிமிடம் கழித்து அதே கேள்வி, இந்த முறை கொஞ்சம் மாற்றி: ‘ஆனா அந்தக் கதவை இருமுறவங்க யாராவது தொட்டிருந்தா?’ சொறிந்தால் அரிப்பு அடங்குவது போல இருந்து இன்னும் பலமாக வருமே, அப்படித்தான். கழுவியதும் தவிப்பு சட்டென்று இறங்குகிறது. மூளை அதிலிருந்து இரண்டு பாடங்களைக் கற்றுக்கொள்கிறது: ஆபத்து உண்மைதான், கழுவியதால்தான் தப்பித்தோம். அடுத்த முறை பயம் இன்னும் சீக்கிரம் வரும், கழுவும் நேரமும் நீளும்.

பிள்ளை கேட்பது நூற்றுக்கு நூறு உறுதி. அப்படியோர் உறுதி யாரிடமும் கிடையாது. மற்றவர்கள் அது இல்லாமலே கதவைத் திறந்துகொண்டு போகிறார்கள். இந்தப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியதும் அதுதான்: உறுதி இல்லாமலே அடுத்த வேலையைப் பார்ப்பது.

முதல் படி: ஒரு வாரம் பேசாமல் கவனியுங்கள்

எதையும் மாற்றாமல் ஒரு வாரம் குறித்து வையுங்கள். என்ன நடந்தபோது பயம் கிளம்பியது, பிள்ளை என்ன செய்தான், எவ்வளவு நேரம் பிடித்தது. கடைசியாக ஒன்று, பலர் எழுத மறப்பது: அந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள்? அவனுக்காகக் கதவைத் திறந்துவிட்டீர்களா? துண்டை மாற்றிக் கொடுத்தீர்களா? எத்தனை முறை ‘ஒன்றும் ஆகாது’ சொன்னீர்கள்? பின்னால் மருத்துவரிடம் காட்டவும் வேலையைத் தொடங்கவும் இந்தக் கடைசிக் குறிப்புதான் அதிகம் உதவும்.

பதின்ம வயதினரிடம் இது கஷ்டம். அவர்கள் மறைத்துவிடுவார்கள். கழிப்பறைக் காகிதம் சீக்கிரம் தீர்வது, முழங்கையால் விளக்கு சுவிட்சைப் போடுவது, சட்டைக் கையை இழுத்துவிட்டுக் கதவைப் பிடிப்பது, கட்டிலில் யாரையும் உட்காரவிடாதது, நண்பர்கள் வீட்டுக்குப் போவதைத் திடீரென்று நிறுத்துவது, இரவில் நோய் அறிகுறிகளை இணையத்தில் தேடிக்கொண்டே இருப்பது போன்ற தடயங்களிலிருந்துதான் ஊகிக்க வேண்டும். ஒளிந்திருந்து வேவு பார்க்காதீர்கள். கண்டுபிடித்துவிட்டால் அப்புறம் உங்களிடம் வாயே திறக்கமாட்டார்கள்.

இரண்டாம் படி: சரியான ஆளைப் பாருங்கள்

குழந்தை மருத்துவரிடம் தொடங்கலாம். அங்கிருந்து குழந்தைகள் மனநல மருத்துவர் அல்லது உளவியல் நிபுணரிடம் போகவேண்டும். போவதற்கு முன் ஒரு கேள்வியைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்: ‘ஈ.ஆர்.பி. செய்வீர்களா? குழந்தைகளுக்குச் செய்து பழக்கம் உண்டா?’

ஈ.ஆர்.பி. என்பது பயப்படும் விஷயத்தைப் படிப்படியாக எதிர்கொண்டு, வழக்கமாகச் செய்யும் கழுவலையோ கேள்வியையோ செய்யாமல் இருக்கும் பயிற்சி. இதன் தொடக்கம் உளவியலாளர் விக்டர் மேயர் 1966-இல் வெளியிட்ட கட்டுரையில் இருக்கிறது. எண்ணச் சுழற்சியால் அவதிப்பட்ட இரண்டு பேருக்கு அவர் இந்த வழியில் சிகிச்சை அளித்தார். இன்றைக்குப் பிள்ளைகளின் ஓ.சி.டி.க்குத் தரப்படும் சி.பி.டி. என்னும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையின் நடுத்தூண் இதுதான். வாராவாரம் உட்கார வைத்துப் பயத்தைப் பற்றி மனம்விட்டுப் பேச வைப்பது, கெட்ட எண்ணத்தை விரட்ட நல்ல எண்ணம் சொல்லிக்கொடுப்பது, மூச்சுப் பயிற்சி மட்டும் தருவது போன்ற கவுன்சலிங்கில் பிள்ளைக்கு ஆறுதல் கிடைக்கலாம், இந்த நோய் நகராது. அதனால்தான் அந்தக் கேள்வியை நேரடியாகக் கேட்கச் சொல்கிறேன். நல்ல நிபுணர் அதற்குக் கோபித்துக்கொள்ளமாட்டார்.

நோயின் அளவை அறியக் குழந்தைகளுக்கென்றே யேல்-பிரவுன் அளவுகோல் ஒன்று உண்டு. 40 மதிப்பெண் வரை போகும், 6 முதல் 17 வயது வரை பயன்படுத்துவார்கள். சிகிச்சைக்கு முன்பும் பிறகும் எடுத்துப் பார்த்தால் முன்னேற்றம் தெரியும்.

நேற்றுவரை நன்றாக இருந்த பிள்ளைக்கு ஓரிரு நாட்களில் எல்லாம் தலைகீழானது போல அறிகுறிகள் திடீரென்று வந்தால், அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அதற்கு முன்பு தொண்டை வலியோ காய்ச்சலோ வந்திருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தொண்டைத் தொற்றைத் தொடர்ந்து இப்படி வரும் ஒரு வகையை ‘பாண்டாஸ்’ என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சூசன் ஸ்வீடோவின் குழு 1998-இல் விவரித்தது. இது அரிது, ஆனால் பரிசோதிக்க வேண்டிய ஒன்று.

மூன்றாம் படி: பிள்ளையோடு பேச்சைத் தொடங்குங்கள்

பயம் உச்சத்தில் இருக்கும்போது பேசாதீர்கள். குளியலறை வாசலில் நின்றுகொண்டு நடத்தும் பேச்சுவார்த்தை சண்டையில்தான் முடியும். வெளியே நடந்துபோகும்போதோ, பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது வேலை செய்யும்போதோ பேசலாம். முகத்தை நேராகப் பார்க்க வேண்டியதில்லை என்பதே பல பிள்ளைகளுக்குப் பெரிய நிம்மதி.

சொல்லவேண்டியது அதிகமில்லை. இந்த எண்ணங்கள் பல பிள்ளைகளுக்கு வருகின்றன, இதற்கு ஒரு பெயர் இருக்கிறது, இதற்குச் சிகிச்சை இருக்கிறது, நீ பைத்தியம் இல்லை. கடைசி வார்த்தை முக்கியம். பல பிள்ளைகள் தங்களுக்கு மூளை கெட்டுவிட்டது என்று நம்பி அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருப்பார்கள்.

சின்னப் பிள்ளைகளிடம் நோய்க்கு ஒரு செல்லப்பெயர் வைக்கச் சொல்லலாம். ‘இப்போ பேசுறது நீயா, அந்த ஆளா?’ என்று கேட்டால் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார்கள். பதினைந்து வயதுப் பெண்ணிடம் இதையே செய்தால் கண்ணை உருட்டுவாள். அவளிடம் மூளை எப்படி ஏமாறுகிறது என்பதை நேரடியாக விளக்கி, இதில் எதை முதலில் மாற்ற அவள் விரும்புகிறாள் என்று கேளுங்கள். பெற்றோருக்கு எரிச்சல் தருவது ஒன்றாகவும் அவளுக்கு வலிப்பது வேறாகவும் இருக்கும். உங்களுக்குத் தண்ணீர் வீணாவது கவலை. அவளுக்குத் தோழியின் பக்கத்தில் உட்கார முடியவில்லையே என்று கவலை. அவள் கவலையிலிருந்து தொடங்குங்கள்.

நான்காம் படி: உங்கள் ஊழியத்தைக் குறையுங்கள்

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். பிள்ளை ஒத்துழைக்காவிட்டாலும் நீங்கள் மட்டுமே செய்யக்கூடியதும் இது ஒன்றுதான்.

பிள்ளையின் தவிப்பைப் பொறுக்கமுடியாமல் குடும்பம் அதன் பயத்துக்கு வளைந்துகொடுப்பது இந்த நோயில் கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் நடக்கிறது. அன்பினால்தான் நடக்கிறது. ஆனாலும் வளைந்துகொடுப்பது கூடக்கூட நோயும் கடுமையாகவே இருக்கும். யேல் பல்கலைக்கழகத்தில் ஈலை லெபோவிட்ஸ் உருவாக்கிய முறையில் பிள்ளைக்குச் சிகிச்சையே தருவதில்லை, பெற்றோருக்கு மட்டும்தான் பயிற்சி. 2019-இல் வெளியான ஆய்வில், பதற்ற நோயுள்ள பிள்ளைகளுக்கு அது நேரடி சி.பி.டி.க்கு இணையான பலனைத் தந்தது. பெற்றோர் தங்கள் பங்கை மாற்றினாலே எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள்.

செய்யும் விதம் இப்படி. ஒரு வாரக் குறிப்பிலிருந்து நீங்கள் செய்யும் ஊழியங்களைப் பட்டியலிடுங்கள். அதில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தினமும் நடப்பதாக, முழுக்க உங்கள் கையில் இருப்பதாக அது இருக்கவேண்டும். ‘அவன் அதிகம் கழுவக்கூடாது’ என்பது உங்கள் கையில் இல்லை. ‘ஒன்றும் ஆகாது’ என்று சொல்வது உங்கள் கையில்தான் இருக்கிறது. அப்புறம் அதை முன்கூட்டியே அறிவியுங்கள், பிள்ளை அமைதியாக இருக்கும் நேரத்தில்:

‘உனக்கு இது எவ்வளவு கஷ்டமா இருக்குன்னு எனக்குத் தெரியும். நான் திரும்பத் திரும்பப் பதில் சொல்றது உன் பயத்தை இன்னும் வளர்க்குதுன்னு புரிஞ்சிக்கிட்டேன். நாளையிலிருந்து அந்தக் கேள்விக்கு ஒரு தடவைக்கு மேல பதில் சொல்லமாட்டேன். உன்னால தாங்க முடியும்னு நம்புறேன். நான் உன் கூடவேதான் இருப்பேன்.’

இதில் ‘கஷ்டம் தெரிகிறது’, ‘உன்னால் முடியும்’ ஆகிய இரண்டும் சேர்ந்தே வரவேண்டும். முதலாவது மட்டும் சொன்னால் பரிதாபமாகப் போகும். இரண்டாவது மட்டும் சொன்னால் அதட்டலாகக் கேட்கும்.

அடுத்த சில நாட்கள் மோசமாக இருக்கும், அதற்குத் தயாராக இருங்கள். இதுவரை கிடைத்துவந்தது நின்றுபோனால் பிள்ளை இன்னும் பலமாகக் கேட்கும், அழும், கத்தும், ‘உனக்கு என் மேல பாசமே இல்லை’ என்று சொல்லும். பத்தாவது கேள்வியில் நீங்கள் உடைந்து பதில் சொல்லிவிட்டால், பத்து முறை கேட்டால் கிடைக்கும் என்பதை அது கற்றுக்கொள்ளும். அதனால் முடிகிற அளவுக்குச் சின்னதாகத் தேர்ந்தெடுங்கள். அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம் நின்றால் நடக்காது. ஒருவர் மறுக்க, இன்னொருவர் ரகசியமாகத் துண்டு மாற்றிக் கொடுப்பது பல வீடுகளில் நடக்கிறது. பாட்டி, தாத்தா இருந்தால் அவர்களிடமும் முன்பே பேசிவையுங்கள்.

தண்டனை வேண்டாம். குழாயை மூடுவது, சோப்பை ஒளித்து வைப்பது, கையைப் பிடித்து இழுத்து அழுக்கில் வைப்பது, தம்பி தங்கை முன்னால் கேலி செய்வது இவையெல்லாம் பயத்தோடு அவமானத்தையும் சேர்க்கும். உங்கள் நடத்தையை மட்டும் மாற்றுங்கள். அவன் நடத்தையை மாற்றுவதற்கு அடுத்த படி இருக்கிறது.

ஐந்தாம் படி: ஏணி கட்டுங்கள்

இதை நிபுணரின் வழிகாட்டலோடு செய்வது நல்லது. பயத்துக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போடப் பிள்ளைக்குப் பழக்குங்கள். அப்புறம் பயமுறுத்தும் சூழல்களைத் துண்டு தாள்களில் எழுதி வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். வரிசை போடுவது பிள்ளைதான், நீங்கள் இல்லை. உங்களுக்கு வேடிக்கையாகத் தோன்றும் ஒன்று அவனுக்கு 9 ஆக இருக்கும்.

கதவுப் பிடிகளுக்குப் பயப்படும் ஒரு பிள்ளையின் ஏணி ஏறக்குறைய இப்படி அமையலாம்:

3 – தன் அறைக் கதவுப் பிடியை ஒரு விரலால் தொட்டு, 10 நிமிடம் கழுவாமல் இருப்பது.
4 – அதையே முழுக் கையால்.
5 – தொட்ட கையால் தன் புத்தகத்தையும் பேனாவையும் எடுப்பது.
6 – தொட்ட கையைத் தன் சட்டையிலும் முடியிலும் தடவுவது.
7 – பள்ளிக் கழிப்பறைக் கதவைத் தொட்டுவிட்டு வகுப்புக்குப் போவது.
8 – வெளியிலிருந்து வந்த உடையோடு தன் கட்டிலில் உட்காருவது.

நோய் இருக்கிறது என்று பயப்படும் பிள்ளைக்கு ஏணி வேறு மாதிரி இருக்கும். அந்த நோயின் பெயரை எழுதுவது, சத்தமாகச் சொல்வது, அதைப் பற்றி ஒரு பத்தி படித்துவிட்டு உடம்பைத் தடவிப் பார்க்காமல் இருப்பது, ‘எனக்கு வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம்’ என்று எழுதிச் சுவரில் ஒட்டுவது. வாந்தி பயம் என்றால் வார்த்தை, படம், சத்தம், விளையாட்டாக வாந்தி எடுப்பது போல நடிப்பது, அப்புறம் தவிர்த்துவந்த உணவுகள்.

எல்லை ஒன்று உண்டு. மற்ற பிள்ளைகள் சாதாரணமாகச் செய்யும் காரியங்கள்தான் ஏணியில் வரவேண்டும். உண்மையிலேயே ஆபத்தான எதுவும் வேண்டாம். பயத்தை உடைக்கிறேன் பேர்வழி என்று பெரியவர்கள் வீரம் காட்டும் இடம் இது இல்லை.

ஆறாம் படி: ஏறுங்கள், கழுவாதீர்கள்

3 அல்லது 4-இல் தொடங்குங்கள். தொடங்கும் முன் பிள்ளையைக் கேளுங்கள்: ‘என்ன நடக்கும்னு நினைக்கிறே?’ சொல்வதை அப்படியே எழுதி வையுங்கள். ‘பத்து நிமிஷம் என்னால தாங்கவே முடியாது, அழுதுடுவேன்’ என்பது நல்ல பதில். அதை அங்கேயே சோதித்துப் பார்க்கலாம். ‘அடுத்த மாதம் நோய் வரும்’ என்பதை இன்றைக்குச் சோதிக்க முடியாது. அந்த மாதிரிப் பதில் வந்தால், தெரியாமலே காத்திருக்க முடிகிறதா என்பதைச் சோதனையாக்குங்கள். முடிந்ததும் எழுதியதை எடுத்து, உண்மையில் என்ன நடந்தது என்று இருவரும் பாருங்கள்.

பயிற்சியின்போது பயம் ஏறட்டும். ஏறவில்லை என்றால் பயிற்சி நடக்கவில்லை என்று அர்த்தம். பாட்டுப் போட்டுக் கவனத்தைத் திருப்புவது, எண்ணுவது, ‘பயப்படாதே, அது சுத்தம்தான்’ என்று காதில் சொல்வது எதுவும் வேண்டாம். ‘இப்போ எத்தனை?’ என்று மட்டும் அவ்வப்போது கேளுங்கள். 7 என்றால் ‘7-லேயும் உட்கார்ந்திருக்கியே, சரி’ என்று சொல்லுங்கள். பயம் சில சமயம் இறங்கும், சில சமயம் இறங்காது. இறங்காவிட்டாலும் தோல்வி இல்லை. பயம் இருக்கும்போதே இருக்க முடிந்தது அல்லவா.

இங்கே பலரும் கோட்டைவிடுவது ஒன்றுண்டு. பயிற்சி முடிந்ததும் பிள்ளை நேரே போய்க் கழுவிவிடும். அப்படியானால் செய்ததெல்லாம் அழிந்தது. சானிடைசர், ஈரத் துடைப்பான், சட்டையில் ரகசியமாகத் துடைப்பது, ‘அப்புறமா கழுவிக்கலாம்’ என்று மனதுக்குள் தவணை வாங்குவது எல்லாம் கழுவலின் தம்பிகள்தான். முழுக்கத் தடுக்க முடியாத தொடக்கத்தில் தள்ளிப்போடுவதிலிருந்து ஆரம்பிக்கலாம்: இன்றைக்கு 5 நிமிடம், நாளைக்கு 10. அல்லது கழுவிய கையால் உடனே அந்தக் கதவுப் பிடியை மறுபடி தொடலாம். கழுவியது செல்லாமல் போய்விடும்.

தினமும் கொஞ்ச நேரம் என்பது வாரத்துக்கு ஒரு நாள் இரண்டு மணி நேரத்தைவிட நல்லது. ஒரு படி சலித்துப்போனதும் மேலே போங்கள். அதையே வேறு இடத்தில், வேறு ஆளோடு, நீங்கள் பக்கத்தில் இல்லாமல் செய்யவும் வையுங்கள். அம்மா இருந்தால் மட்டும் தைரியம் என்றால், அம்மாவே இன்னொரு சோப்பாகிவிடுவாள். சின்னப் பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்கலாம். பயம் குறைந்ததற்காக இல்லை, முயன்றதற்காக.

அப்போ எவ்வளவு கழுவலாம்?

இந்தக் கேள்வி எல்லாப் பெற்றோருக்கும் வரும். சாப்பிடும் முன், கழிப்பறை போய்வந்த பின், கண்ணுக்குத் தெரியும் அழுக்கு இருந்தால். ஒரு தடவை, சோப்புப் போட்டு 20 விநாடி தேய்த்தால் போதும். மருத்துவர் வேறு காரணத்துக்காக வேறு மாதிரி சொல்லியிருந்தால் அதன்படி. வீட்டு விதியாக எழுதி ஒட்டிவிட்டு விடுங்கள். விநாடிகளை எண்ணுவதே புதுச் சடங்காக மாறினால் எண்ணுவதை நிறுத்திவிட்டு ‘அப்பா எப்படிக் கழுவுகிறாரோ அப்படி’ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெடித்த கைகளுக்கு மருத்துவரைக் கேட்டு ஈரப்பதம் தரும் களிம்பு போடுங்கள். தரை துடைக்கும் மருந்தைப் பிள்ளை தோலில் பயன்படுத்துவது தெரிந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

மருந்து, பள்ளி

மருந்து என்றதும் பெற்றோர் பின்வாங்குவது இயல்புதான். 2004-இல் அமெரிக்காவில் 7 முதல் 17 வயது வரையிலான 112 பேரிடம் 12 வாரம் நடந்த ஆய்வு ஒன்று இந்தத் துறையில் இன்றும் பேசப்படுகிறது. சி.பி.டி.யும் செர்ட்ராலின் மருந்தும் சேர்ந்து எடுத்தவர்களில் 53.6 சதவீதம் பேருக்கு நோய் கிட்டத்தட்ட அடங்கியது. சி.பி.டி. மட்டும் எடுத்தவர்களில் 39.3, மருந்து மட்டும் எடுத்தவர்களில் 21.4, போலி மாத்திரை எடுத்தவர்களில் 3.6. மிதமான நிலையில் சி.பி.டி.யை மட்டும் முதலில் முயலலாம், கடுமையாக இருந்தால் மருந்தைச் சேர்க்கத் தயங்க வேண்டாம் என்றுதான் இதைப் படித்துப் புரிந்துகொள்கிறேன். முடிவு மருத்துவருடையது. இந்த வகை மருந்துகள் பலன் காட்டப் பல வாரம் ஆகும், நடுவில் தானாக நிறுத்தக்கூடாது. தொடங்கும்போதும் அளவு மாற்றும்போதும் பதின்ம வயதினரிடம் தற்கொலை எண்ணம், கடும் எரிச்சல், தூக்கமின்மை வருகிறதா என்று கூர்ந்து கவனிக்க வேண்டும்.

பள்ளியில் நம்பகமான ஓர் ஆசிரியருக்காவது விஷயம் தெரிந்திருக்கட்டும். பிள்ளை சம்மதித்த பிறகு சொல்லுங்கள். ஆசிரியர்கள் இரக்கத்தில் தனி மேசை, எத்தனை முறை வேண்டுமானாலும் கழுவப் போக அனுமதி என்று கொடுத்துவிடுவார்கள். அதுவும் ஊழியம்தான். சிகிச்சைத் திட்டத்தோடு சேர்ந்து அதைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்லுங்கள்.

எப்போது உடனே போகவேண்டும்?

சாப்பிடுவதையோ தண்ணீர் குடிப்பதையோ நிறுத்தினால், எடை குறைந்தால், பள்ளிக்குப் போவதே நின்றுபோனால், ‘இப்படி வாழ்றதுக்குச் செத்துப்போகலாம்’ என்ற பேச்சு வந்தால் வீட்டுப் பயிற்சியை ஓரமாக வைத்துவிட்டு உடனே மருத்துவ உதவி நாடுங்கள். கடைசியாகச் சொன்னதை மிரட்டல் என்று எடுத்துக்கொண்டு விட்டுவிடாதீர்கள். நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.

திரும்பி வரும்போது

தேர்வு, பள்ளி மாற்றம், சுற்றிலும் ஏதோ தொற்று பரவுவது போன்ற நேரங்களில் பயம் மறுபடி தலைதூக்கும். முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. ஏணியின் கீழ்ப் படிகளை ஓரிரு வாரம் திரும்பச் செய்தால் பெரும்பாலும் பிடி கிடைத்துவிடும். அதனால் ஏணி எழுதிய தாள்களைத் தூக்கிப்போடாதீர்கள்.

பிள்ளைக்கு உண்மையாகவே காய்ச்சலோ வாந்தியோ வரும் நாளும் வரும். ‘பார்த்தியா, நான் சொன்னேனே’ என்று நோய் அதைச் சாட்சியாகக் காட்டும். வழக்கமான கவனிப்பைக் கொடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். கட்டில் விரிப்பை ஒரு முறை மாற்றினால் போதும், மூன்று முறை வேண்டாம். காய்ச்சல் எப்படி வந்தது, யாரைத் தொட்டதால் வந்தது என்ற விசாரணையில் நீங்கள் கலந்துகொள்ளாதீர்கள். உடம்பு தேறியதும் பிள்ளையை உட்கார வைத்து ஒன்றைக் கேளுங்கள்: நீ இவ்வளவு நாள் பயந்தது வந்தது, அது நீ நினைத்த அளவுக்கு இருந்ததா? பல பிள்ளைகள் கொஞ்சம் யோசித்துவிட்டு, மோசமாகத்தான் இருந்தது, ஆனால் போய்விட்டது என்பார்கள். அந்தப் பதிலையும் எழுதி ஏணித் தாள்களோடு வையுங்கள். மறுநாளே விட்ட படியிலிருந்து பயிற்சியைத் தொடருங்கள்.